சண்டை போட்டால் நகரும் படகு

முடக்குவாதம் வந்து எனக்கு வருஷக்கணக்காகிறது. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தூக்கமில்லாமல் விடிய விடிய கூரையைப் பார்த்துக் கிடக்கிற கொடுமை என் எதிரிக்கும் வேண்டாம் மாதாவே! மாத்திரையை நிறுத்தாமல் மூளைக்கும் கொஞ்சம் பயிற்சி கொடுத்துப் பாருங்கள் என்று இலோய்லோ நகரத்தில் ஓர் இடத்துக்கு டாக்டர் அனுப்பினார்.

தலையில் பசை தடவி ஒயர் ஒட்டுவார்கள். எதிரே திரையில் ஒரு பாய்மரப் படகு. மூளையின் அலை அடங்கினால் படகு நகரும், மனம் அலைந்தால் நின்றுவிடும்.

எங்கள் ஊரில் ஒருவருக்குப் பல் பிடுங்குவதென்றாலும் வீடே கிளம்பும். என் கணவர் எஃப்ரென், அவருடைய அக்கா கோரிங், சோற்றுப் பானை எல்லாம் என்னோடு உள்ளே வந்துவிட்டன.

"விடாத நெனித்தா! தள்ளு, தள்ளு!" என்று எஃப்ரென் கத்தினார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். படகு அசையவில்லை.

பயிற்சி தரும் பெண் ஜோவெலின் அவர்களை வெளியே அனுப்பினாள். "முயற்சியே பண்ணாதீங்க ஆன்ட்டி. சும்மா இருங்க."

சும்மா இருப்பது சுலபமா? அந்த அமைதியில் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. வாரங்கள் போயின. படகு கொஞ்சம் போகும், நிற்கும்.

ஒருநாள் கதவுக்கு வெளியே குரல் உயர்ந்தது.

"கறியில இவ்வளவு வினிகரா? நாக்கு பொத்துப்போகுதுக்கா!"

"பேசாம தின்னுடா. அம்மா சமைச்சதையும் நீ குறை சொல்லித்தான் தின்னே!"

"குறை சொன்னது யாரு, நானா நீயா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

"ஆன்ட்டி, படகு ஓடுது!" என்றாள் ஜோவெலின். அவர்களை அடக்கக் கதவைத் திறந்தாள். சத்தம் நின்றது, படகும் நின்றது.

"கதவை மூடும்மா. அவங்க சண்டை போடட்டும்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நோயில் விழுந்ததிலிருந்து வீட்டில் கிசுகிசுப் பேச்சு, பூனை நடை. எங்கள் ஊர்ச் சாவு வீட்டில்கூடச் சீட்டாட்டமும் சிரிப்புமாக இருக்கும். இவர்கள் அன்பினால்தான் அடங்கிக் கிடந்தார்கள். எனக்கோ, என் நாள் முடிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்களோ என்று பயம்.

வீட்டுக்கு வந்ததும், "சண்டை போடுங்க" என்றேன். இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். கேட்டு வாங்குகிற பொருளா சண்டை? நானே கொளுத்திப் போட்டேன். "ஏன் அக்கா, மாமனார் தென்னந்தோப்பை வித்தப்ப இவர் ஏன் வாயைத் திறக்கல?"

பற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது வெயில் கட்டில் வரை வந்திருந்தது. பக்கத்தில் இருவரும் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னாச்சு உங்களுக்கு?"

எஃப்ரெனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "நிறுத்தினா நீ முழிச்சுக்குவியோன்னு பயமா இருந்துச்சு. தோப்பு முடிஞ்சுது, காணாமப்போன பன்னி முடிஞ்சுது, கடைசில எதுக்குச் சண்டை போடறதுன்னே தெரியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோரிங் அக்கா தம்பியை முறைத்தாள்.

"உனக்குத்தான் தெரியல. எனக்கு இன்னும் உன் கல்யாணத்துச் சண்டையே பாக்கி இருக்கு!"