பாறைக்குள் கிடந்தவன்

பாம்பனுக்குக் கிழக்கே, ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் கல் வெட்டும் பள்ளம் ஒன்று இருந்தது. சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கல் அங்கிருந்துதான் போகும். கடலுக்கடியில் வளர வேண்டிய பவளப்பாறை அந்த இடத்தில் தரையிலேயே ஆள் உயரத்துக்குக் கிடந்தது. ஏன் அப்படிக் கிடக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. கூத்தையாவும் இன்னும் சிலரும் கடப்பாரையால் பெயர்ப்பார்கள். பெண்கள் கடகத்தில் சுமந்து வண்டியில் கொட்டுவார்கள். ஜோதிமேரி அங்கே கல் சுமக்கத் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அவள் புருஷன் வியாகுலம் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனதும் ஒன்பது வருஷத்துக்கு முன்புதான்.

சுதந்திரம் வந்த வருஷம், ஐப்பசிப் புயலில் அது நடந்தது. வள்ளத்தில் மூன்று பேர் போனார்கள். இரண்டு பேரின் உடல் கரை ஒதுங்கியது. வியாகுலம் மட்டும் ஒதுங்கவில்லை. அவன் தாய் யாகப்பம்மாள் அதையே பிடித்துக்கொண்டாள். செத்திருந்தால் மற்ற இரண்டு பேரைப்போல அவனும் வந்திருக்க வேண்டும், ஒரு எலும்பாவது வந்திருக்க வேண்டும், வரவில்லை என்றால் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்பது அவள் கணக்கு. தலைமன்னாரில் அவன் சாயலில் ஒருவனைப் பார்த்ததாக யாரோ சொல்லப்போய், அந்த நம்பிக்கை இறுகிவிட்டது. அவள் துக்கத்துக்குக் கறுப்புக் கட்டவில்லை, மருமகளையும் கட்ட விடவில்லை. மாமியாரும் மருமகளும் ஒரே குடிசையில், ஒரே அடுப்பில் காலம் தள்ளினார்கள். சண்டை என்று ஒன்றும் இல்லை. கிழவிக்குக் காய்ச்சல் வந்தால் ஜோதிமேரி வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருப்பாள். ஜோதிமேரிக்குத் தோள் புண்ணானால் கிழவி எண்ணெய் காய்ச்சித் தடவுவாள்.

இந்த நிலையில்தான் கில்பர்ட் வந்தான். பாம்பன் ஸ்டேஷனில் மீனுக்கு ஐஸ் போட்டுப் பெட்டி அடைக்கிறவன். பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டாள். ஜோதிமேரியைக் கட்டிக்கொள்கிறேன் என்று கோயில் சாமியாரிடமே போய்க் கேட்டான். சாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் புருஷன் செத்ததற்கு ஆதாரம் இல்லாமல் இரண்டாம் தாலி கட்டிவைக்கத் தன்னால் முடியாது, தனக்கு மேலே உள்ள மேற்றிராணியாரும் சம்மதிக்கமாட்டார் என்று சொல்லிவிட்டார். ராமநாதபுரம் போய்ப் பதிவு செய்துகொள்ளலாம் என்று கில்பர்ட் சொன்னதற்கு ஜோதிமேரி உடன்படவில்லை. கோயிலுக்கு வெளியே நிற்கிற பெண்ணாக இந்த ஊரில் வாழ அவளுக்குத் தெம்பில்லை. முப்பத்திரண்டு வயதில் அவள் புருஷன் உள்ள பெண்ணாகவும் இல்லை, கைம்பெண்ணாகவும் இல்லை.

ஐம்பத்தேழாம் வருஷம், தவக்காலம் தொடங்கிய வாரத்தில், கூத்தையா ஒரு பெரிய பாளத்தை நெம்பிப் புரட்டினான். அடியில் மனித விலாவெலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. பக்கத்தில் ஒரு தாடை, பாதி கல்லுக்குள் புதைந்து. கூத்தையா கடப்பாரையைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினான். ஜோதிமேரி கடகத்தை இறக்கிவைத்துவிட்டுக் கிட்டப் போனாள். தாடையின் முன்வரிசையில் ஒரு பல் இல்லை.

வியாகுலத்துக்கும் முன்பல் ஒன்று இல்லை. நங்கூரக் கயிறு வெட்டி இழுத்ததில் உடைந்தது, ஊருக்கே தெரியும்.

அவள் பள்ளத்துக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து, எம்புருஷன்தான் என்றாள். அழுகையும் வந்தது. அது பொய் அழுகை இல்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே மனசுக்குள் ஒரு மூலை விழித்துக்கொண்டு, கீழ்த்தாடையா மேல்தாடையா என்று கேட்டது. அதை அவள் வாயடைத்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. யாகப்பம்மாள் வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது எம்மகன் இல்ல” என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை. சாமியார் மட்டும் அவசரப்படவில்லை. கல்லுக்குள் ஒன்பது வருஷத்தில் மனிதன் எப்படிப் போவான் என்பது அவரை உறுத்தியது. பாம்பன் பயணியர் விடுதியில் சென்னைக் கல்லூரியிலிருந்து நிலவியல் பேராசிரியர் ஒருவர் வந்து தங்கியிருந்தார், பெயர் ஹமீது. தீவின் பாறைகளைப் பார்க்கவே வந்தவர். சாமியார் அவருக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலை பள்ளத்தைச் சுற்றிப் பாதி ஊர் நின்றது. ஹமீது சிறிய சுத்தியலோடு இறங்கினார். எலும்பை நகத்தால் கீறினார், கத்தியால் கீறினார். ஓரத்தில் ஒரு சில்லை உடைத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சாமியாரிடமும் தூக்கிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். எலும்பின் துவாரங்களை முழுக்க வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. எலும்பின் கனத்துக்குப் பதில் கல்லின் கனம் இருந்தது.

இது சமீபத்து எலும்பு இல்லை என்று அவர் சொன்னார். இந்தப் பாறை முழுக்க ஒருகாலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்த பவளம், அப்போது கடல் இன்றைக்கு இருப்பதைவிட உயரமாக நின்றது, நாம் நிற்கிற இடத்தில் தலைக்கு மேல் தண்ணீர் ஓடியிருக்கும் என்றார். கூட்டத்தில் சிலர் தங்களையறியாமல் அண்ணாந்து பார்த்தார்கள். இந்த ஆள் எப்படியோ கடலில் விழுந்து, இரண்டு பவளப்பாறைகளுக்கு இடையில் இருந்த குழியில் போய்த் தங்கியிருக்கிறான்; நண்டும் மீனும் தின்று தீர்ப்பதற்குள் ஒரு புயல் மணலைக் கொண்டுவந்து மூடியிருக்கிறது. மூடியதால்தான் அழியாமல் நின்றான். தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு கொஞ்சங்கொஞ்சமாக எலும்புக்குள் இறங்கி, எலும்பின் வடிவம் மாறாமலே அதைக் கல்லாக்கிவிட்டது. அதற்கும் பிறகு மேலே புதுப் பவளம் வளர்ந்திருக்கிறது.

ஜோதிமேரி முன்னால் வந்து, படகுத்துறைப் பக்கம் கில்பர்ட்டின் மாமன் தொலைத்த இரும்பு நங்கூரம் சில வருஷத்திலேயே கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்ததைத் தானே கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். அதுபோல் இவரும் ஒட்டியிருக்கக் கூடாதா என்று கேட்டாள்.

ஹமீது அவளை உற்றுப் பார்த்தார். அவள் யார், ஏன் கேட்கிறாள் என்பதை அப்போதுதான் ஊகித்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீங்க சொல்றது நிஜந்தாம்மா. கரையோர மணல் சீக்கிரம் கல்லாயிடும், நானும் பார்த்திருக்கேன். ஆனா இது மணல்கல் இல்ல. இதோ, விலாவுக்கு மேல உருண்டையா இருக்கே, இந்தப் பவளம் வருஷத்துக்கு ஒரு விரல் அகலம்கூட வளராது. இது என் இடுப்பு உயரம் இருக்கு. இது வளர்ந்து முடிச்சு, அப்புறம் கடல் இறங்கி, பாறை வெளிய வந்திருக்கு. ஆயிரக்கணக்கான வருஷம். இவர் ஏசுநாதருக்கும் முந்தினவரா இருக்கலாம்.”

சாமியார் ஜோதிமேரி பக்கம் திரும்பி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். கூட்டத்தில் கில்பர்ட் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“மேல் பல்லு, சாமி” என்றாள் அவள். “அவுகளுக்குப் போனது மேல் பல்லு. இது கீழ்த்தாடை.”

எல்லாரும் கலைந்து போகத் தொடங்கினார்கள். யாகப்பம்மாள் மட்டும் நின்றாள். தான் சொன்னது பலித்தது என்ற நிம்மதி அந்த முகத்தில் இருக்கும் என்று ஜோதிமேரி நினைத்தாள், இருந்தது. அந்த நிம்மதியோடுதான் கிழவி பள்ளத்தின் விளிம்புக்கு வந்து ஹமீதிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“அய்யா, மணலு மூடாம இருந்தா என்னாகும்?”

அவர் எலும்பின் மீது ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டிருந்தார். நிமிராமலே, “ஒண்ணும் மிஞ்சாதும்மா. மீன் தின்னும், நண்டு தின்னும், மிச்ச எலும்பைப் பூச்சி துளைச்சு அலை மாவாக்கிடும். கொஞ்ச வருஷத்துல எலும்பும் போயிடும். லட்சத்துல ஒருத்தர்தான் இப்படி நிப்பார்” என்றார்.

“கரைக்கு வராதா?”

“சிலது வரும். நீரோட்டம் எங்க இழுக்குதோ அங்க போயிடும். வராததுதான் அதிகம்.”

அவர் யாரிடம் பேசினார் என்று அவருக்குத் தெரியாது. ஜோதிமேரி ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தியிருப்பாள், அதற்குள் யாகப்பம்மாள் சரி என்று தலையாட்டினாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தனியாக நடந்தாள்.

எலும்புகளைப் பாளத்தோடு வெட்டியெடுத்து, வைக்கோல் திணித்த பெட்டியில் வைத்துச் சென்னை ரயிலில் ஏற்றினார்கள். ஊர் அதைக் கொஞ்ச நாள் பேசியது. புருஷனைக் கல்லுக்குள் தேடியவள் என்று ஜோதிமேரிக்குப் பின்னால் சிரித்தவர்களும் உண்டு. அவள் அதே பள்ளத்துக்குத்தான் தினமும் போக வேண்டியிருந்தது. மாமியாரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கிழவி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு கிழவி அதிகம் பேசவில்லை. கருவாடு காயப்போடும்போது நடுவில் கை நின்றுவிடும். கடலைப் பார்க்கமாட்டாள், மணலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த மறு வாரம், பூசை கலைந்ததும் யாகப்பம்மாள் சாமியாரிடம் போனாள். ஜோதிமேரி பின்னாலேயே நின்றாள், என்னவென்று தெரியாமல்.

“சாமி, எம்மகன் வியாகுலத்துக்கு ஒரு பூசை வைக்கணும்.”

“என்ன பூசைம்மா?”

“செத்தவுகளுக்கு வைக்கிற பூசை.”

சாமியார் அவளை உட்காரச் சொன்னார். ஏன் இப்போது என்று கேட்டார். ஒன்பது வருஷமாக எலும்பு வரவில்லை என்றுதான் நம்பி இருந்தேன், எலும்பு வராது என்று படித்தவரே சொல்லிவிட்டார், பெற்றவள் நான் சொல்கிறேன், எம்மகன் அன்றைக்கே கடலில் செத்துப்போனான், இதை யாரிடம் வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. வெளியே வந்ததும் மருமகளைப் பார்க்காமலே, “இனி ஒனக்குத் தடை இல்ல மேரி” என்றாள்.

ஜோதிமேரி கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அது யாரிடமிருந்து பிடுங்கப்பட்டதோ, அவளும் கண்ணெதிரே நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

பூசை நடந்தது. பீடத்தில் கறுப்புத் துணி போட்டார்கள். சாமியார் மேற்றிராணியாருக்கு எழுதினார். தாயின் வாக்கையும், கூடப் போன இருவரின் சாவையும் வைத்து மறு வருஷம் அனுமதி வந்தது. கல்யாணம் காலைப் பூசையோடு நாலு பேர் முன்னிலையில் முடிந்தது. யாகப்பம்மாள் வரவில்லை. கூட வந்து இருக்கச் சொல்லி கில்பர்ட்டே போய்க் கெஞ்சினான். இங்கன இருந்துக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஜோதிமேரி தினமும் கஞ்சியும் குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்தாள். கிழவி வாங்கிக்கொள்வாள், பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தருவாள். ஒரு நாள் ஜோதிமேரியால் அடக்க முடியவில்லை. “நெசமாவே நம்புனீகளா மாமி, இல்ல எனக்காகச் சொன்னீகளா?” என்று கேட்டுவிட்டாள்.

கிழவி மீனைக் கீறி உப்பு அடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டது காதில் விழுந்தது என்பது அவள் கை ஒரு கணம் நின்றதில் தெரிந்தது. பிறகு அடுத்த மீனை எடுத்தாள். ஜோதிமேரியும் கீழே உட்கார்ந்து, மிச்ச மீன்களை எடுத்துக் கீறத் தொடங்கினாள்.