இருவருக்கும் இல்லாத மீன்

1

இந்தக் கதை இரண்டு கட்டைவிரல்களிலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரர்கள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். (ஒன்பது வருடமாக அவர்கள் மாடியில் குடியிருக்கிறேன். கீழே அவர்கள் தும்மினால் மேலே நான் "நூறாயுசு" என்பேன். அவ்வளவு மெல்லிய பலகைத் தரை.) கீரை சூப்புக்குத் தொட்டுக்கொள்ள இனிப்பு ரொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். இல்டா அவெலாரின் கட்டைவிரல் உப்புத்தாள் போலச் சொரசொரத்து, தோலுரிந்து சிவந்திருந்தது. அவள் கணவர் லைமன் க்ரோவெலின் கட்டைவிரல் வழவழவென்று இருந்தது.

இதில் என்ன கதை என்று கேட்பீர்கள். எங்கள் ஊரான ஹாலட் துறையில் கேட்கமாட்டார்கள். அமெரிக்காவின் இந்தக் கேப் காட் கடற்கரையில் எல்லோரும் பைத்தியமாக அலைவது, உடம்பில் கறுப்புக் கோடுகள் ஓடும் பாஸ் மீனுக்காக. ஊரில் அதற்கு ஸ்ட்ரைப்பர் என்று பெயர், நான் கோட்டுமீன் என்றே எழுதுகிறேன். பிடித்ததைத் திரும்ப விடுவதற்கு ஒரு முறை உண்டு. கட்டைவிரலை அதன் வாய்க்குள் வைத்துக் கீழுதட்டைப் பிடித்து, நீரோட்டத்துக்கு எதிராக முகத்தைக் காட்டி நிறுத்த வேண்டும். மயக்கம் தெளிந்ததும் மீன் விரலைக் கடிக்கும். கடித்த பிறகுதான் விட வேண்டும். அதன் வாய் அரம் போல இருக்கும் என்பதால், கோடை முழுவதும் மீன் பிடித்து விடுகிறவர்களின் விரலில் தோல் தங்காது. அதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வார்கள்.

லைமன் அந்தக் கோடையில் ஒரு நாள் தவறாமல் மீன் பிடித்தார். பிடித்ததையெல்லாம் விட்டார். அவர் விரல் ஏன் வழவழவென்றிருந்தது?

2

தொடக்கத்தைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

"விடிந்தும் விடியாத வேளையில் அட்லாண்டிக் பெருங்கடல் தன் சாம்பல் நிற..." (வேண்டாம். கடலை வர்ணிக்க உட்கார்ந்தால் ஆட்கள் வந்துசேர மூன்று பக்கம் ஆகும்.)

"மீன்வளப் பாதுகாப்பில், பொழுதுபோக்குக்குப் பிடிப்போருக்கும் விற்பனைக்குப் பிடிப்போருக்கும் இடையே நியாயமான..." (இது சுற்றறிக்கை. ஆனால் சண்டை இதைப் பற்றித்தான் என்பதால் சுருக்கமாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.)

பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர், இருபத்தெட்டு அங்குலத்துக்கும் முப்பத்தோரு அங்குலத்துக்கும் இடைப்பட்ட மீன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். விற்க உரிமம் உள்ளவர் முப்பத்தைந்து அங்குலமும் அதற்கு மேலும் உள்ளதைத்தான் எடுக்கலாம். அதுவும் வாரத்தில் சில நாள், ஒதுக்கீடு தீரும்வரை. சிறியதை அவரும் விட்டாக வேண்டும். நடுவில் மாட்டுகிற முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று அங்குல மீன் இருவருக்கும் இல்லை. செத்து மிதந்தாலும் எடுத்துப்போகக் கூடாது.

லைமன் முதல் வகை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபது வயது, தூண்டில்காரர்கள் சங்கத்தின் தலைவர். இல்டா இரண்டாம் வகை. சிறு படகில் தனியாகப் போய், தூண்டிலில் பிடித்துச் சந்தைக்குக் கொடுக்கிறவள். இருவருக்கும் இது இரண்டாம் கல்யாணம். "முதல் கல்யாணம் மூளைக்கோளாறு, ரெண்டாவது வேணும்னே பண்ணது" என்பாள்.

இந்த வருடம் மீன் போதவில்லை. தெற்கே வளைகுடாவில் குஞ்சு பொரிப்பதே சில வருடமாகச் சரியில்லை. பிடிக்கும் அளவில் வெட்டு விழும் என்பது உறுதி, யார் பங்கில் விழும் என்பதுதான் கேள்வி. ஊர்க்காரர்கள் பேசுவதற்காகப் பள்ளிக்கூட விளையாட்டரங்கில் கூட்டம் வைத்தார்கள். தூண்டில்காரர்களுக்காக முதலில் பேசுபவர் லைமன், விற்பவர்களுக்காக இல்டா. அவள் பங்கில் விழுந்தால் படகைக் கரையேற்ற வேண்டியதுதான். இருவரும் ஒரே காரில்தான் போயாக வேண்டும்.

3

(ஒரு சிறு சங்கடம். இல்டா கணவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். நம் வழக்கப்படி "என்னங்க" என்று போட்டு எழுதிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னால் படகிலிருந்து விழுந்துவிடுவாள். "யோவ்" என்று மாற்றினேன். கதை அங்கேதான் உயிர் பிடித்தது. அவர் அவளைக் "கேப்டன்" என்பார், அதை அப்படியே விட்டுவிட்டேன்.)

கூட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம், சமையலறையில் ஒத்திகை நடந்தது. ஒருவரை எதிர்த்து ஒருவர் பேசப்போவதை ஒருவருக்கொருவர் திருத்திக் கொடுத்தார்கள்.

"யோவ் லைமன், எந்திரிச்சு நின்னு பேசு. அங்கயும் நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டா பேசுவ?"

"சரி கேப்டன்." எழுந்து நின்று கனைத்துக்கொண்டார். "எங்க சங்கத்துல யாரும் மீனை விக்கிறதில்ல. பிடிக்கிறோம், பாக்கிறோம், விட்டுடறோம்."

"பாக்கிறதுக்கு எதுக்கு வாயில கொக்கி மாட்டணும்? கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாக்க வேண்டியதுதான?"

"குறுக்க பேசாத. மூணு நிமிஷம்தான் தருவாங்க."

"சாப்பாட்ட வெச்சு விளையாடாதன்னு எங்கம்மா அடிக்கும். உங்க வீட்ல யாரும் அடிக்கலயா?"

"எங்க வீட்ல மீனச் சமைக்கவே தெரியாது. உன்னக் கட்டுனது வேற எதுக்குன்னு நெனச்ச?" மறுபடி கனைத்தார். "ஆகவே, வெட்டறதா இருந்தா விக்கிறவங்க பங்குல வெட்டுங்க. கொல்றது அவங்கதான்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கொல்றதுன்னு சொல்றப்ப என்னப் பாக்காத, கூட்டத்தப் பாரு. உன் மூஞ்சி அழற மாதிரி போகுது."

"இப்ப நீ என்னைய மடக்கு."

"விட்ட மீனும் சாகுதுய்யா. நூறுக்கு ஒன்பதுன்னு மீன்வளத் துறைக்காரங்களே கணக்கு வெச்சிருக்காங்க. லட்சக்கணக்குல பிடிச்சுப் பிடிச்சு விட்டா எவ்வளவு ஆச்சு?"

"காகிதக் கணக்கு." லைமன் சிரித்தார். "நாப்பது வருஷமா அந்த மணல்திட்டுல நிக்கிறேன். நான் விட்டதுல செத்தது ஒண்ணே ஒண்ணு காட்டச் சொல்லு. பேசாம வந்து உக்காந்துக்கறேன்."

இல்டா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. பிறகு அவருக்குக் காபி ஊற்றினாள். பாதிக் கோப்பைதான் ஊற்றினாள்.

4

பாதிக் கோப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன குளிர்காலத்திலிருந்து லைமனுக்கு வலது கை நடுங்குகிறது. டாக்டர் பார்த்தார், மாத்திரை உண்டு. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. ஒரு நாள் காபி மேசைத்துணியில் சிந்தியது, மறுநாளிலிருந்து இல்டா பாதிக் கோப்பை ஊற்ற ஆரம்பித்தாள். அவரும் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார். இதைவிடப் பெரிய காதல் காட்சி எனக்கு எழுத வராது.

இனி வருவது என் கற்பனை. இல்டா என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வழவழப்பான விரலை வைத்துக்கொண்டு நானே கட்டியது.

ஜூலையில் ஒரு காலை, படகில் திரும்புகையில், மணல்திட்டுக்கு வெளியே ஒரு கோட்டுமீன் வயிறு மேலாக மிதப்பதைப் பார்த்தாள். கடல்நாய் கடித்திருக்கும் என்று நினைத்தாள். கடித்த தடம் இல்லை. அடுத்த வாரம் இன்னொன்று. தண்ணீர் சூடாகிவிட்டது என்று நினைத்தாள். மூன்றாவதைப் பார்த்த அன்று படகை நிறுத்தி, திட்டைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அங்கே ஒரே ஓர் ஆள்தான் நின்றுகொண்டிருந்தார்.

லைமன் ஒரு மீனைக் குனிந்து பிடித்திருந்தார். எல்லாம் முறைப்படி செய்தார். விரலை வாய்க்குள் வைத்தார், முகத்தை நீரோட்டத்துக்குக் காட்டினார். கை நடுங்கியது. அந்த நடுக்கத்தை மீன் கடித்ததாக நினைத்து விட்டுவிட்டார். போகிற மீனுக்கு ஒரு சலாம் வைத்தார் (எப்போதும் வைப்பார்), திரும்பி அடுத்த வீச்சுக்குத் தயாரானார். அவர் முதுகுக்குப் பின்னால் மீன் மெல்லச் சாய்ந்தது. நீரோட்டம் அதை இல்டாவின் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது.

அவள் அதைத் தூக்கிக் கொஞ்ச நேரம் நீரில் பிடித்துப் பார்த்தாள். பயனில்லை. அளந்தாள், முப்பத்துமூன்று அங்குலம். இருவருக்கும் இல்லை. திரும்பத் தண்ணீரில் வைத்தாள். அன்றைக்கு அதன் பிறகு தூண்டில் போடவே மனம் வரவில்லை.

ஆக, ஊரே கூடப்போகும் அரங்கில் அவள் பக்கத்தை ஜெயிக்க வைக்கும் சாட்சி அவள் கையில் இருக்கிறது. ஒரு மீனையும் கொல்லாதவன் என்ற ஒரே நினைப்பில் தினமும் எழுந்து போகிற ஒரு மனிதரின் முதுகுக்குப் பின்னால் அது மிதக்கிறது.

(பத்திரிகை ஆசிரியர் எனக்கு ஆயிரத்தைந்நூறு சொல் ஒதுக்கியிருக்கிறார். இல்டாவுக்குப் பாதி, லைமனுக்குப் பாதி என்று நியாயமாகப் பிரித்திருந்தேன். பாருங்கள், என் பேச்சே கணிசமாகத் தின்றுவிட்டது. பங்கு பிரிக்கிறவர்களை இனிமேல் திட்டமாட்டேன்.)

5

எழுதிக் கைவிட்ட முடிவுகள் இவை.

ஒன்று. இல்டா மைக் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்கிறாள். அரங்கம் கை தட்டுகிறது. லைமன் குனிந்து தன் கையைப் பார்... (பார்க்கவிடவில்லை. அவர் பேருந்தில் ஏறி இறங்கிய பிள்ளைகள் பாதிப்பேர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கே தாங்கவில்லை.)

இரண்டு. இல்டா வாயைத் திறப்பதில்லை. வெட்டு அவள் பங்கில் விழுகிறது. அவள் படகை விற்றுவிட்டு... (இப்படித் தியாகம் செய்கிற மனைவிகளை நம் கதைகளில் போதிய அளவுக்குப் பார்த்துவிட்டோம். இல்டா இந்தத் தாளைக் கையில் வாங்கினால் மீன் சுற்றக் கொடுத்துவிடுவாள்.)

மூன்று. செத்த மீனை லைமன் தானே பார்த்துவிடுகிறார். தூண்டிலை உடைத்துப் போடுகிறார். (பொய். நல்ல தூண்டிலை எங்கள் ஊரில் யாரும் உடைப்பதில்லை.)

6

கூட்டத்தன்று காலை. விற்பனைக்குப் பிடிக்கிற நாள் இல்லை. லைமன் கிளம்பும்போது, ரப்பர்க் காலுடையை மாட்டிக்கொண்டு இல்டா வாசலில் நின்றாள்.

"நீ எங்க வர்ற?"

"விளையாட."

"சாப்பாட்ட வெச்சா?"

"ஒரு நாள் விளையாடிப் பாக்கறனே. எங்கம்மா இப்ப அடிக்க வராது."

மணல்திட்டில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். அவள் தூண்டில் எடுத்து வரவில்லை, சும்மா பக்கத்தில் நின்றாள். மூன்றாவது வீச்சில் மாட்டியது. அவர் அதை இழுத்துக் கொண்டுவரும்வரை வாய் திறக்காமல் இருந்தாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

லைமன் அளந்தார். "முப்பத்துமூணு. எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல."

"அப்ப யாருக்கு?"

"அதுக்கேதான்."

கொக்கியைக் கழற்றினார். அதற்கே நேரமாயிற்று. விரலை வாய்க்குள் வைத்து, முகத்தைத் திருப்பி நிறுத்தினார். கை நடுங்கியது.

"கடிச்சிருச்சு" என்றார். விடப்போனார்.

(இந்த இடத்தில் இல்டா என்ன சொன்னாள் என்பதை நாலைந்து விதமாக எழுதினேன். "அது மீன் இல்லய்யா, நீதான்" என்று ஒன்று. உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்வதற்குக் கொஞ்சம் இடம் வேண்டாமா?)

இல்டா கையை நீருக்குள் விட்டு, தன் சொரசொரத்த கட்டைவிரலை அவர் விரலுக்குப் பக்கத்தில், அதே மீனின் வாய்க்குள் வைத்தாள். மற்ற கையால் அவர் மணிக்கட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் அவள் கைக்குள் வந்து அடங்கியது.

"இன்னும் இல்ல" என்றாள்.

"கடிச்சுதே."

"இன்னும் இல்ல."

நின்றார்கள். அலை ஒன்று மார்புவரை வந்து போனது. லைமன் இரண்டு விரல்களையும் பார்த்தார், அவளுடையதையும் தன்னுடையதையும். நாற்பது வருடம் தண்ணீரில் நின்றவருக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். பார்க்காததுபோல் மீனைப் பார்த்தாள்.

"கேப்டன்."

"ம்."

"இதுக்கு முன்னாடி விட்டதெல்லாம்?"

7

இங்கே நிறுத்துகிறேன். அவள் பதிலை இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருந்தேன். "எல்லாம் போயிடுச்சுய்யா" என்று ஒன்று. "நீந்திட்டுப் போச்சு, நான் பாத்தேன்" என்று ஒன்று. எழுதிப் பார்த்து இரண்டையும் விட்டேன். இரண்டுமே நீந்தவில்லை.

சாயங்காலம் கூட்டம் இருக்கிறது. லைமன்தான் முதலில் பேச வேண்டும். சட்டையை இஸ்திரி போட்டு வாசல் நாற்காலியில் தொங்கவிட்டிருக்கிறார்கள், எனக்கு மாடியிலிருந்து தெரிகிறது. என்ன பேசுவார் என்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது. எனக்கு அவர்கள் இருவரையும் பிடிக்கும். அதனால்தான் என்னால் முடியவில்லை.

ஆகவே நீங்கள் கொஞ்சம் வாருங்கள். தண்ணீர் குளிரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலை நீட்டுங்கள், அவர்கள் விரல்களுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. மீனின் முகம் நீரோட்டத்தைப் பார்த்திருக்கட்டும். அவர் கேட்டது உங்களுக்கும் கேட்டிருக்கும். அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.

இப்போது ஏதோ துடிப்பதுபோலத் தெரியும். உடனே விட்டுவிடாதீர்கள், அது உங்கள் கையாகவும் இருக்கலாம். நன்றாகக் கடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருங்கள். அதன் பிறகு அவருக்குப் பதில் சொல்லுங்கள்.