யாருடைய குரல்

பந்து மட்டைக்கு முன்னால் போனால், ஓடலாமா வேண்டாமா என்று அடித்தவன் குரல் கொடுக்க வேண்டும். பின்னால் போனால் எதிர்முனையில் நிற்பவன் கொடுக்க வேண்டும். லாகூர் சந்துகளில் ஆறு வயதிலேயே இது தெரிந்துவிடும். சர்மத் லோதிக்கு இப்போது முப்பத்தைந்து வயது. எழுபத்தொரு டெஸ்ட் ஆடியாயிற்று. எதிர்முனைக் குரலை, கொடுப்பவன் வாயைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டிருந்தார்.

இடது காது பெர்த்தில் போனது. எகிறி வந்த பந்து ஹெல்மெட்டுக்குக் கீழே, காதுக்குப் பின்னால் பட்டது. எழுந்து நின்று மேலும் ஐந்து மணி நேரம் ஆடி நூற்று நாற்பத்து மூன்று எடுத்தார். அந்த ஆட்டம்தான் அவரைக் கேப்டனாக்கியது. லாகூரில் அவர் வளர்ந்த மொசாங் பேட்டையில் அவர் படம் ஒட்டாத பான் கடை இல்லை. அன்று காதுக்குள் தொடங்கிய சீட்டிச் சத்தம் இரண்டு வருடம் ஊதிவிட்டு, காதையும் எடுத்துக்கொண்டு நின்றது. இப்போது வலது காதும் போய்க்கொண்டிருந்தது. லண்டன் டாக்டர் 'ஒரு வருடம்' என்று தாளில் எழுதிக் காட்டினார்.

மனைவி ஃபரீதாவுக்கு மட்டும் தெரியும்.

"சொல்லிட்டு விலகிடுங்களேன்" என்றாள் ஒருமுறை.

"விலகி?"

 

ஸ்லிப்பில் நிற்பதை விட்டு மிட்-ஆஃபுக்கு மாறினார். பந்து மட்டையின் ஓரத்தை உரசும் சத்தம் அங்கே கேட்க வேண்டியதில்லை. இளையவர்களுக்கு இடம் விடுகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. கேள்விக்கும் அவர் பதிலுக்கும் இடையே விழும் மௌனத்தை நிதானம் என்றார்கள். அணிக்குள் அவருக்கு நவாப் என்று பெயர்.

"நவாப் சாஹிபுக்கு நாலு சலாம் வச்சாத்தான் ஒரு சலாம் திரும்பும்" என்பான் கீப்பர் பிலால், அவர் முதுகுக்குப் பின்னாலேயே. எல்லாரும் சிரிப்பார்கள். அவர் திரும்பமாட்டார். கோபம் வராத மனுஷன் என்று அதற்கும் ஒரு பெயர்.

ஜனவரியில் நியூசிலாந்து அணி லாகூருக்கு வந்தது. டெஸ்டின் மூன்றாம் நாள் மதியம் அவரோடு ஆடிக்கொண்டிருந்தவன் முபஷிர். சாஹிவால்காரன், இருபத்திரண்டு வயது, முதல் டெஸ்ட். நாற்பத்தொன்று எடுத்திருந்தான். நல்ல கை. பந்து வருவதற்கு முன்பே அதன் இடத்தில் போய் நிற்கும் கால். அடுத்த மாதம் ஆஸ்திரேலியா போகும் அணியில் அவன் பெயர் உறுதி என்று எல்லாரும் பேசினார்கள்.

சர்மத் ஒரு பந்தைக் காலோரமாகப் பின்னால் தட்டிவிட்டார். குரல் முபஷிருடையது. அவன் வாயைப் பார்த்தார். குளிர்கால வெயில் தெற்கே தாழ்ந்து அவன் தலைக்குப் பின்னால் நின்றது. ஹெல்மெட்டுக்குள் முகம் கறுப்பாக இருந்தது. அவன் இரண்டடி முன்னால் வைத்தது மட்டும் தெரிந்தது. சர்மத் ஓடினார்.

பாதி வழியில்தான் அவன் கை விரிந்திருப்பதைப் பார்த்தார். வாய் திறந்து மூடித் திறந்தது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம். திரும்ப நேரமில்லை. முபஷிர் ஒரு கணம் அவரைப் பார்த்தான். பிறகு கோட்டை விட்டு இறங்கி, அவரைக் கடந்து, மறுமுனைக்கு ஓடினான். ஸ்டம்ப் விழும்போது அவன் பாதிகூடத் தாண்டவில்லை. அவுட்டானது அவன்.

சர்மத் அன்று நூற்றுப் பதினெட்டு எடுத்தார். சதம் அடித்ததும் கூட்டம் எழுந்து நின்றது. ஆயிரக்கணக்கான கைகள் தட்டுவதை அவர் பார்த்தார்.

தேநீர் வேளையில் மேலாளர் கர்னல் ராணா முபஷிரைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தின் இரைச்சலில் ஆடுகளத்துக் குரல் எதுவும் அறைவரை வந்திருக்கவில்லை.

"குரல் குடுக்கத் தெரியாதவன எவன்டா டீமுக்கு அனுப்புனது?"

"இல்ல சார், நான் வேணாம்னுதான்…"

"அப்புறம் எதுக்குடா ஓடுன?"

"பாய் பாதி வந்துட்டாரு சார்."

"நவாப் வந்தா நாற்காலியக் காலி பண்ணித்தானே ஆகணும்" என்றான் பிலால். அறை சிரித்தது.

முபஷிர் சர்மத்தின் எதிரே வந்து உட்கார்ந்தான். "மன்னிச்சுக்குங்க பாய். இன்னும் பலமாக் கத்தியிருக்கணும்."

"பரவால்ல" என்றார் சர்மத்.

ஆட்டம் முடிந்த மறுநாள் தேர்வுக் குழு கூடியது. மேசையின் இடது ஓரத்து நாற்காலியை சர்மத் முன்கூட்டியே போய்ப் பிடித்துக்கொண்டார். வலது காது மற்றவர்கள் பக்கம் இருக்கும். தலைவர் ஆகா சாஹிபின் மீசைதான் தொல்லை. உதட்டை முழுக்க மூடியிருந்தது.

பதினாறாவது பெயரில் பேச்சு நின்றது. முபஷிரா, கராச்சிக்காரன் ஒருவனா.

"ஆட்டம் இருக்கு பயகிட்ட" என்றார் ஆகா சாஹிப். "ஆனா அன்னைக்குப் பேய் புடிச்ச மாதிரியில்ல ஓடுனான். நீங்கதானே கூட நின்னீங்க. யாரோட குரல் அது?"

சர்மத்துக்கு 'குரல்' என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது. அது போதும்.

'எனக்குக் கேட்கவில்லை.' இரண்டே சொற்கள். சொன்னால் பதினாறாவது பெயர் எழுதப்படும், பட்டியலின் முதல் பெயர், கேப்டனின் பெயர், நீக்கப்படும். அதன்பிறகு மொசாங்கில் யாராவது பேச வந்தால், கையைக் காதில் குவித்துக்கொண்டு 'என்ன, என்ன' என்று கேட்கும் ஒரு செவிடர். மட்டையைத் தவிர அவர் எதையும் கற்றிருக்கவில்லை.

"அவனோடதுதான்" என்றார்.

பொய் இல்லை. பந்து பின்னால்தான் போயிருந்தது.

ஆகா சாஹிப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "அப்ப உள்ளூர்ல இன்னும் ரெண்டு வருஷம் கத்துக்கட்டும்."

வெளியே மூடுபனி மதியம் ஆகியும் விலகியிருக்கவில்லை. தெருவில் வண்டிகள் ஹாரன் அடித்து ஊர்ந்தன. வாயிலில் காவலாளி நெருப்புச் சட்டிக்கு முன் குந்தியிருந்தான். பக்கத்தில் முபஷிர், காலடியில் கிட் பை. சாஹிவால் பஸ் ஏறுமுன் முடிவு தெரிந்துகொள்ள வந்திருந்தான். பேசும்போது வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது.

"என்ன ஆச்சு பாய்?"

"அடுத்த தடவ பாத்துக்கலாம்."

அவன் தலையாட்டினான். குனிந்து பையைத் தூக்கியபடி ஏதோ சொன்னான். முகம் தெரியவில்லை. கிளம்புகிறவன் வேறென்ன சொல்வான்.

"குதா ஹாஃபிஸ்" என்று விடை கொடுத்தார் சர்மத்.

காவலாளி சிரித்துவிட்டான். முபஷிர் நிமிர்ந்தான்.

"ஒரு டீ குடிக்கலாமான்னு கேட்டேன் பாய்."

"ஓ. இல்லப்பா. வேலை இருக்கு."

முபஷிர் நகரவில்லை. பையை மெதுவாகக் கீழே வைத்தான். அவர் முகத்துக்கு நேராக வந்து நின்று கேட்டான்: "மணிக்கட்டு வலி எப்படி இருக்கு பாய்?"

"சரியாயிடுச்சு."

காவலாளியின் சிரிப்பு நின்றது. அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சர்மத்துக்குப் பிறகுதான் உறைத்தது. அந்தக் கேள்வியின்போது முபஷிரின் உதடு அசைந்தது. ஆவி வரவில்லை. அவன் குரலே எழுப்பவில்லை.

"அன்னைக்கும் கேக்கல" என்றான் முபஷிர். இப்போது ஆவி வந்தது. "மூணு தடவ கத்துனேன்."

சர்மத் காவலாளியை ஒருமுறை பார்த்துவிட்டு முபஷிரிடம் திரும்பினார்.

"மேல போங்க பாய். லிஸ்ட் இன்னும் டைப் அடிச்சிருக்க மாட்டாங்க. உங்களப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம். நான் கத்துனேன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும் எனக்கு."

அவன் கத்தினான் என்றால், பிறகு ஏன் ஓடினீர்கள் என்று கேட்பார்கள். ஆகா சாஹிப் கேட்காவிட்டால் கர்னல் கேட்பார். சர்மத் மாடிப்படியைப் பார்த்தார். பன்னிரண்டு படிகள் இருக்கும்.

முபஷிரின் உதடு மறுபடி அசையத் தொடங்கியது. பாய் என்ற முதல் சொல்லை அவர் பார்த்தார். அடுத்த சொல்லுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.