பல்லின் நிறம்

பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தாலும் பாரதியின் காது கதவுக்கு வெளியேதான் இருந்தது. கணவன் நவீன்குமார் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். சிரிப்பும் கேட்டது.

வாரத் தொடக்கத்தில் அவன் பிடித்துத் தள்ளியதில் அவள் முகம் கதவு நிலையில் மோதி, மேல் முன்பல் பாதி உடைந்து போனது. ஷூ கம்பெனி வேலைக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போய் வந்தாள். திமிரியிலிருந்து அவள் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான் என்று தெரிந்த பிறகுதான், நவீன்குமார் அவளை ஆம்பூர் பஜாரில் இருந்த இந்தக் கிளினிக்குக்கு அழைத்து வந்தான். ஒடஞ்சதே தெரியக்கூடாது என்று டாக்டர் ஹுமேராவிடம் சொன்னான். எப்படி உடைந்தது என்று அவர் பாரதியைக் கேட்டபோது, பாத்ரூம் குழாயில் இடித்துக்கொண்டாள் என்று அவனே பதில் சொன்னான். ஹுமேரா அவனை வெளியே உட்காரச் சொன்னார்.

அதன்பின் அவர் ஒன்றும் கேட்கவில்லை. உடைந்த பல்லைப் படமெடுத்தார். பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப் பார்த்தார். அந்த நிறப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு பூச்சுக்கும் நீல விளக்கைக் காட்டி இறுகச் செய்தார். ஒவ்வொரு முறை விளக்கு அணைந்தபோதும் உடைந்த இடம் இன்னும் கொஞ்சம் மறைந்திருந்தது. அண்ணனிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது, வாயைத் திறந்தால் அவனே பார்த்துக் கேட்பான் என்று நம்பியிருந்தாள். இனி வாயால்தான் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது?

ஹுமேரா கண்ணாடியைக் கொடுத்தார். எது தன் பல், எது பசை என்று அவளுக்கே தெரியவில்லை.

"மேடம், ஒடஞ்சிருந்தத நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேம்மா. கழுத்துல இருக்கற காயத்தையும் பாத்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போட்டோவ ஒங்க போனுக்கு அனுப்பட்டுமா?"

"வேணாம் மேடம். என் போன அவரு பாப்பாரு."

"அப்ப இங்கயே இருக்கட்டும். எப்ப கேட்டாலும் தரேன். யாரு வந்து கேட்டாலும் சொல்வேன்."

அவள் வெளியே வந்தபோது நவீன்குமார் பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டிருந்தான். அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

"சிரி, பாக்கலாம்."

அவள் உதடு பிரியவில்லை. பதனிடாத பச்சைத்தோல் ஏற்றிய லாரி ஒன்று நாற்றத்தோடு கடந்து போனது. ஏறு என்று அவன் ஹாரனை அழுத்தினான். பாரதி திரும்பிப் பார்த்தாள். கையுறையைக்கூடக் கழற்றாமல் ஹுமேரா படியில் வந்து நின்றிருந்தார்.