ஜூலை மாதத்துச் சாட்சி

இஸ்திரிப்பெட்டிக்குள் கரி கனிவதற்குள்ளாகவே பாஸ்டர் ஷெருபேன் வந்துவிட்டார். மெரிலியா அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் பலகையில் விரித்து, காலரில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். உள் அறையில் சபைப் பெண்கள் அப்பாவைக் குளிப்பாட்டி முடித்து, தாடையை வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நேற்று சாயங்காலம் போன உயிர். இந்த வெயிலுக்கு இன்றைக்கே அடக்கம் செய்தாக வேண்டும்.

"ஸ்தோத்திரம், சிஸ்டர்."

"ஸ்தோத்திரம்" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஆராதனையைப் பத்து மணிக்கே வச்சிரலாம்னு பாக்குறேன். மத்தியானம் மிஷன் டீமுக்குக் கடற்கரைக்குப் போற புரோகிராம் இருக்கு. வண்டி வந்துரும்."

"அவங்க கடல்ல குளிக்கிறதுக்குத் தோதா எங்கப்பாவ அடக்கணுமா?"

"கோவப்படாதீங்க. பிரதர் டேல் ராத்திரி முழுக்கத் தூங்கல, தெரியுமா? சின்னப்பிள்ளை மாதிரி அழுறாரு. கோயிலுக்குப் பின்னால இடம் குடுக்கச் சொல்லிட்டாரு. கல்லு, சிலுவை எல்லாம் அவங்க பொறுப்பு. ஆராதனைல அப்பாவோட சாட்சியைத் தன் வாயாலயே சொல்லணும்னு ஆசப்படுறாரு."

காலரில் தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிப்பெட்டியை மெரிலியா நிமிர்த்தி வைத்தாள். "எந்தச் சாட்சிய?"

பாஸ்டர் முற்றத்துக் கோழியைப் பார்த்தார்.

"பாஸ்டர், பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்குடுக்குறது நான்தான். ஒன்பதாவதுக்கு, பொய்ச்சாட்சி சொல்லாதேங்கிறதுக்கு வந்தா மட்டும் எனக்கு நாக்கு ஒட்டிக்குது. ஏன்னு உங்களுக்குத் தெரியும்."

"செப்டம்பர்ல பள்ளிக்கூடம் திறக்கணும், சிஸ்டர்" என்றார் பாஸ்டர். குரலில் மிரட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. மிரட்டினாலாவது திருப்பிக் கத்தலாம். "மத்தியானச் சாப்பாடு, உங்க வேலை, என் வேலை... எல்லாம் யோசிச்சுப் பேசுங்க."

அவர் போனபின் சட்டையை எடுத்துப் பார்த்தாள். காலரில் ஒரு பக்கம் சூடு பட்டுப் பழுப்பேறியிருந்தது.

*

அப்பா ஒரெஸ்தில் எந்தப் பேயிடமிருந்தும் மீட்கப்பட்டவர் இல்லை. தச்சு வேலை செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை பாட்டு எடுத்துக்கொடுத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர். அவருடைய அம்மா ஃபிலோமீஸ் ஊருக்கே பிரசவம் பார்த்தவள், பச்சிலை தெரிந்தவள். ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் மகன்களில் ஒருவன் ஆவிகளை அழைக்கும் மேளத்தைப் பிடிக்கட்டும், ஒருவன் வேதப் புத்தகத்தைப் பிடிக்கட்டும் என்று சொல்லி, இளையவனைக் கையைப் பிடித்து ஆற்றைக் கடந்து ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டவள் அவள்தான். பிறகு அந்தக் கூட்டம் வெயிலில் நிற்கிறதே என்று தன் ஈரப்பலாத் தோட்டத்தையே அதற்குக் கொடுத்துவிட்டாள். கோயில் நிற்பது அந்த மண்ணில்தான். இதெல்லாம் மிஷன்காரர்கள் இந்த ஊரின் பெயரைக் கேள்விப்படுவதற்கு எத்தனையோ வருஷம் முந்தி நடந்தது.

முதல் தடவை அவர்கள் வந்து சாட்சி கேட்டபோது, தான் விசுவாசத்துக்கு வந்த கதையை அப்பா உள்ளபடியேதான் சொன்னார். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன், ஆண்டவர் பிடித்துக்கொண்டார் என்றார். ஒரே மாதிரி நீலச் சட்டை போட்ட பிள்ளைகள் கொசுவை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஜூலையில் பாஸ்டர் மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் காரம் சேர்த்தார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதற்கடுத்த ஜூலையில் அப்பாவே அதைத் தன் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று: என் அம்மா சூனியக்காரி, பிறக்குமுன்னே என்னைச் சாத்தானுக்கு நேர்ந்துவிட்டாள், அவளுடைய மேளத்தை நானே நெருப்பில் போட்டேன். அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை வந்தது. மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறும் பீன்ஸும் வந்தது.

ஊருக்கே தெரியும். ஊரே வாயை மூடிக்கொண்டது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது யாருக்கு மறுத்துப் பேச வாய் வரும்?

ஒவ்வொரு ஜூலையும் சாட்சி சொல்லிவிட்டு வந்து, அப்பா வேலியோரம் நின்று உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளிப்பார். அன்றைக்குச் சாப்பிட மாட்டார். "ஏம்ப்பா இப்படி?" என்று ஒருதரம் கேட்டாள். "அம்மா மன்னிச்சிருவா. செத்தவங்களுக்குப் பசிக்காதில்ல, பிள்ளைங்களுக்குப் பசிக்கும்" என்றார். அவருக்கு அது ஒரு பதில். அவளுக்கு அன்றும் அது பதிலாகப் படவில்லை.

நேற்று மூச்சு இழுக்கும்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அம்மா பக்கத்துல."

*

அம்மா பக்கம் என்றால் பெரியப்பா செலியான் வீட்டு வளவில் இருக்கும் குடும்பக் கல்லறை. பெரியப்பா மேளத்தைப் பிடித்தவர். முன்னோர் கும்பிட்ட ஆவிகளான லுவாக்களை அழைத்துக் குறி சொல்வார். காய்ச்சல், கெட்ட கனவு, களவு எதுவானாலும் ஊர் அவரிடம்தான் போகும். கோயில்காரர்களும் போவார்கள், என்ன, கொஞ்சம் இருட்டியபிறகு போவார்கள். தம்பியோடு அவர் பேச்சை நிறுத்தி எத்தனையோ ஜூலை ஆகிறது.

சட்டையை உள்ளே கொடுத்துவிட்டு மெரிலியா நேரே அங்கே போனாள். பெரியப்பா நாற்காலியைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து வெற்றுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"வந்த விஷயம் தெரியும். முடியாது" என்றார்.

"பெரியப்பா, கடைசியா கேட்டது அது ஒண்ணுதான்."

"அவன் எங்கம்மாவ நரகத்துல தள்ளுனான். வீட்டுக்குள்ள வச்சு இல்ல. அவ குடுத்த தோட்டத்துல நின்னு, பேரு தெரியாத வெள்ளைக்காரப் பயலுக முன்னாடி. இந்த ஊருல பாதிப் பேர இழுத்து வெளிய போட்டது அவ கைதான். ஒருத்தன், ஒருத்தன் எந்திரிச்சு இல்லன்னு சொன்னானா? இப்ப அவ பக்கத்துல வந்து படுக்கணுமா?"

"அவர் ஒவ்வொரு தடவையும்..."

"எனக்குத் தெரியும் அவன் என்ன பண்ணுவான்னு. வேலிக்கு இந்தப் பக்கம்தானே நான் இருக்கேன்." காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "சொன்ன வாய் வந்து திரும்ப எடுத்துக்கட்டும். அப்பறம் பாக்கலாம்."

"செத்தவரு எப்படிப் பெரியப்பா பேசுவாரு?"

"அப்ப உசுரோட இருக்கிறது பேசட்டும். அதே எடத்துல, அதே கூட்டத்துல. நான் உள்ள வரமாட்டேன். ஆனா காது கேக்கும் எனக்கு."

வீடு திரும்பும்போது அவளுக்கு யார் மேல் கோபம் என்றே பிடிபடவில்லை. டேல் மேல், பாஸ்டர் மேல், பெரியப்பா மேல், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கும் அப்பா மேல். தட்டை நீட்டித் தின்ற தன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல்கூட ஒரு நொடி வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

*

கோயில் நிரம்பிவிட்டது. முன் வரிசை இரண்டும் நீலச் சட்டைகள். சுவரில் நேற்று அவர்கள் அடித்த மஞ்சள் பெயிண்ட் இன்னும் காயாமல் வாடை அடித்தது. போன வருஷம் அடித்தது பச்சை. அதற்கு முந்தின வருஷமும் மஞ்சள்தான். அப்பா தன் கையால் இழைத்த பலிபீட மேசைக்கு முன்னால் அவருடைய பெட்டி இருந்தது.

டீமுக்குத் தலைவரான டேல் எழுந்தார். நல்ல உயரம், வெயிலில் வெந்து சிவந்த கழுத்து. அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரையை வருஷாவருஷம் பையில் போட்டுக்கொண்டு வந்தவர் அவர்தான். பெட்டியின் மேல் கை வைத்தபோது நிஜமாகவே அழுதார். மெரிலியாவால் அதைப் பொய் என்று தள்ள முடியவில்லை. முடிந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

அவர் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்வார், பாஸ்டர் அதை ஊர் பாஷையில் சொல்வார்.

"இந்தச் சகோதரன் இருட்டிலே பிறந்தவர்."

பின் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"இவரைப் பெற்ற தாயே இவரைப் பிசாசுக்கு விற்றுப்போட்டாள்."

பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அதில் மூன்று பேரை ஃபிலோமீஸ்தான் இந்த உலகத்துக்கு எடுத்துப் போட்டாள். மெரிலியா வாசலைப் பார்த்தாள். வெளியே ஈரப்பலா மர நிழலில் பெரியப்பாவின் வைக்கோல் தொப்பி தெரிந்தது.

"அந்தச் சூனியக்காரியின் மேளத்தை இவர் தம்முடைய கையினாலேயே..."

"எரிக்கல" என்றாள் மெரிலியா.

எழுந்து நின்றது அவளுக்கே தெரியவில்லை. பாஸ்டர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் பெட்டிக்கு அருகே வந்து நின்றாள்.

"எங்கப்பா எந்த மேளத்தையும் எரிக்கல. அது செலியான் பெரியப்பா வீட்டு உத்தரத்துல தொங்குது, வேணுங்கிறவங்க போய்ப் பாருங்க. எங்கப்பாவ எந்தப் பிசாசுக்கும் யாரும் விக்கல. அவங்கம்மா ஃபிலோமீஸ் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து ஆண்டவர்கிட்ட விட்டா. நாம உக்காந்திருக்கிற இந்த எடம் அவ குடுத்தது. அவளச் சூனியக்காரின்னு அவர் சொன்னது பொய். அவரச் சொல்ல வச்சது பொய். கேட்டுட்டுச் சும்மா இருந்தோமே, அது நம்ம பொய். ஆண்டவருக்கு நல்லது பண்ண நம்ம பொய் எதுக்கு? அவருக்கு அவ்வளவு வக்கில்லாமப் போச்சா?"

குரல் உடைந்தது. அழுகையால் அல்ல. இத்தனை வருஷத்துக் கோபம் ஒரே தொண்டை வழியாக வர வேண்டியிருந்தது.

"எங்கப்பா நல்ல விசுவாசி. நல்ல அம்மாவுக்குப் பிறந்த நல்ல விசுவாசி. அவ்வளவுதான் அவரோட சாட்சி. அது போதும். போதாதுன்னு நினைக்கிறவங்க அவரத் தூக்க வேணாம்."

டேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாஸ்டரின் பக்கம் குனிந்து என்னவோ கேட்டார். பாஸ்டரின் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அவர் இங்கிலீஷில் சொன்னார். அப்பா உங்களை மிகவும் நேசித்தார், கூரைக்காகவும் உணவுக்காகவும் மகள் நன்றி சொல்கிறாள் என்று.

பள்ளிக்கூடத்துக்குப் போதுமான இங்கிலீஷ் மெரிலியாவிடம் இருந்தது. அவளுக்கு ஒரு சொல் தப்பாமல் புரிந்தது. முன் வரிசையில் ஒரு பெண் விம்மினாள். நீலச் சட்டைகள் கை தட்டின. டேல் வந்து அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவரிடம் நேராகவே சொல்லிவிடலாம். நாலே வாக்கியம், நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

அப்போது வாசலில் வெளிச்சம் மறைந்தது. பெரியப்பா படியில் நின்றார். தொப்பி அவர் கையில் இருந்தது.

அவள் அந்த நாலு வாக்கியத்தையும் விழுங்கினாள். கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டுவிட்டது. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, பாஸ்டரைப் பார்த்து ஊர் பாஷையிலேயே சொன்னாள்.

"நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுச்சு, பாஸ்டர். ஆண்டவருக்கும் இங்கிலீஷ் தெரியும்."

"ஆமென்!" என்றது பின் வரிசையில் ஒரு கிழட்டுக் குரல். யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு இன்னொரு ஆமென், இன்னொன்று. எதற்கென்று தெரியாமல் நீலச் சட்டைகளும் ஆமென் என்றன.

பெரியப்பா முதல்தடவையாக அந்தப் படியைத் தாண்டி உள்ளே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெட்டியின் தலைப்பக்கம் குனிந்து தோளைக் கொடுத்தார். "பாத்துட்டு நிக்கிறீங்களே, பிடிங்கடா" என்று தன் மகன்களை அதட்டினார்.

*

கோயிலுக்குப் பின்னால் வெட்டியிருந்த குழியைத் தாண்டிப் பெட்டி போனது. பாஸ்டர் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் நிற்கவில்லை. கடைசியில் அவரும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் நீலச் சட்டைகள் வந்தன.

பெரியப்பாவின் மகன்கள் முன்னாலேயே ஓடி, ஃபிலோமீஸின் கல்லறை மூடியைக் கடப்பாரையால் நெம்பி வைத்திருந்தார்கள். அப்பா பெட்டி அவள் பக்கத்தில் சரியாகப் பொருந்தியது. சபை பாடியது. அப்பா எடுத்துக்கொடுக்காததால் சுருதி தாழ்ந்தே கிடந்தது. கல்லை மூடிச் சாந்து பூசியபின், பெரியப்பா எனாமல் குவளையில் தண்ணீர் மொண்டு வந்து செத்தவர்களுக்கென்று தரையில் மூன்று முறை ஊற்றினார். உதடு மட்டும் அசைந்தது. சபைக்காரர்கள் வேறு பக்கம் பார்ப்பது வழக்கம். மெரிலியா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவர் என்ன செய்கிறார்?" என்று டேல் தாழ்ந்த குரலில் கேட்டார்.

பாஸ்டர் ஷெருபேனின் தகப்பனாரும் இதே போலத் தண்ணீர் ஊற்றியவர்தான். பாஸ்டர் மெரிலியாவைப் பார்த்தார். செலியானைப் பார்த்தார்.

"தூசி அடங்குறதுக்கு" என்றார்.

வண்டிக்காரன் ரோட்டில் ஹாரன் அடித்தான். நீலச் சட்டைகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. டேல் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். பாஸ்டர் அவர்களோடு போவதா, இங்கேயே நிற்பதா என்று தெரியாமல் வேலிப் பக்கம் நின்றார்.

பெரியப்பா குவளையில் மிச்சமிருந்ததை மெரிலியாவிடம் நீட்டினார்.

"வாய் கொப்பளிக்கணும்னா கொப்பளி" என்றார். "உங்கப்பன் கொப்பளிப்பான்."

அவள் குவளையை வாங்கினாள். குவளையின் விளிம்பில் ஒரு துளி சாந்து ஒட்டியிருந்தது. அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, அண்ணாந்து, மிச்சமில்லாமல் குடித்தாள்.