பாபாய்க் குழி

கபிரி கப்பலிலிருந்து இறங்கிய அன்று கரையில் ஒருவரும் அழவில்லை. அப்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது.

நாற்பது நாள் கடலில் மிதந்தவன் அவன். அவனும் தங்கை புருஷன் சியோசியும் ஒரே படகில்தான் போனார்கள். பசிபிக்கில், கிரிபாஸ் தீவுகளின் கடலில் அந்நியக் கப்பல்கள் டூனா மீனை அள்ளத் தொடங்கியதிலிருந்து கரையோரத்தில் மீன் இல்லை. பவளப்பாறை வளையத்தைத் தாண்டி, தீவு கண்ணுக்கு மறையும் தூரம் போகவேண்டும். அங்கே எஞ்சின் நின்றது. நீரோட்டம் மேற்கே இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் அந்த அந்நியக் கப்பல்களில் ஒன்றுதான் படகைக் கண்டது. அதற்குள் படகில் ஒருவன்தான் மிச்சம்.

"வா மச்சான்," என்றான் சியோசியின் தம்பி பகோவா, எல்லோருக்கும் கேட்கும்படி. "கன்னம்கூட ஒட்டலயே! எங்கண்ணன எப்படித் தின்ன? காயவெச்சா, பச்சையாவா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். தங்கை புரெய்தா சிரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கப்பலிலிருந்து இறக்கிய படகை நோக்கி நடந்தாள்.

அதன்பிறகு ஊர் அவனோடு பேசவில்லை. அவனுடைய தென்னையில் கள் சொட்டக் கட்டியிருந்த போத்தலை யாரோ இரண்டு முறை உடைத்தார்கள். கொப்பரை மூட்டையைத் தூக்க யாரும் கை கொடுக்கவில்லை. இந்தப் பக்கம் காயல், அந்தப் பக்கம் கடல், நடுவில் நூற்றைம்பது அடி மண். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்க அங்கே இடமில்லை. எதிரே வருகிறவர்கள் எச்சில் துப்பிவிட்டுத்தான் கடந்தார்கள்.

மூன்றாம் வாரம் பகோவா நெனெபோ கேட்டான். கொன்றவன் செத்தவன் வீட்டுக்குக் கொடுக்கிற நிலம் அது. கொடுத்தால் கொன்றேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். அவன் கேட்டது கபிரியின் பாபாய்க் குழியை. ஐந்து தலைமுறைக்கு முன்னால் பவளக் கல்லை உடைத்து, நன்னீர் கசியும் ஆழம்வரை தோண்டிய குழி. அதில் சேம்பு இனமான பாபாய்க் கிழங்கு ஆள் உயர இலையோடு நிற்கும். போன வருடப் பேரலையில் ஊரின் மற்றக் குழிகளில் உப்பு ஏறிக் கிழங்கெல்லாம் அழுகிப்போனது. தப்பியது இது ஒன்றுதான். இதுவும் போனால், தலைநகரத்தில் உறவுக்காரர் குடிசையில் ஆறு பேரோடு ஏழாவதாகப் படுக்கவேண்டியதுதான்.

மனேயபாவில் கூட்டம் கூடியது. ஊர் மண்டபமான அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தூணோரமாக ஓர் இடம் உண்டு. புரெய்தா புருஷன் வீட்டு இடத்தில், பகோவாவுக்குப் பின்னால், அண்ணனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் கொல்லல," என்றான் கபிரி. "கடல் கொன்னுச்சு. குழியத் தரமாட்டேன்."

"கடலுக்கு உம்மேல மட்டும் என்ன காதலாடா?" என்றான் பகோவா.

பெரியவர் தெவெயா கையை உயர்த்தினார். "அங்க நடந்ததுக்கு மீனுங்கதான் சாட்சி. கூட்டிக்கிட்டு வரியா பகோவா? வந்தா பேசவிடாம பொரிச்சுத் தின்னுருவீங்க."

மண்டபம் சிரித்தது. சாட்சி இல்லை. சிரிப்பு அடங்கினால் தீர்ப்பு தன் பக்கம்தான் என்று கபிரிக்குத் தோன்றியது.

புரெய்தா மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துப் பாயில் வைத்தாள். அதைச் சுற்றி ஒரு நீலச் சட்டை. கபிரியின் சட்டை.

"படகோட முன்மூக்குக்குள்ள கையவிட்டுத் தேச்சுக் கழுவும்போது ஆப்ட்டுச்சு," என்றாள். "எனக்குக் குழியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஒரே ஒரு கேள்விண்ணே. வெறும் பாட்டில எதுக்குச் சட்டைய சுத்தி ஒளிச்சு வெச்ச?"

வெயில் படாமலிருக்க என்று சொல்லலாம். மழை வந்தால் பிடிக்க என்று சொல்லலாம். இரண்டையும் கடலிலேயே யோசித்து வைத்திருந்தான். நாக்கு நுனிவரை வந்தது.

சட்டையின் கழுத்துப் பட்டன் இருக்கவேண்டிய இடத்தில் மீன்பிடி நரம்பு தைத்திருந்தது. முப்பதாவது நாள் சியோசி தைத்துக் கொடுத்தது.

"வெறும் பாட்டில் இல்ல," என்றான் கபிரி. "ஒரு வாய்த் தண்ணி இருந்துச்சு."

"அவரு கேட்டாரா?"

"கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்." "விடியும்போது மூச்சு இல்ல. அப்புறம் நான் குடிச்சேன், பாட்டில மறுபடி சுத்தி வெச்சேன். மறுநாள் மழை கொட்டுச்சு, புரெய்தா. படகு நெறையக் கொட்டுச்சு."

கூரை ஓலையில் காற்று மட்டும் உரசிக்கொண்டிருந்தது.

"குழிய எடுத்துக்கங்க," என்றான் கபிரி. "நெனெபோன்னே எடுத்துக்கங்க."

அடுத்த கப்பலில் நிலக் கோர்ட்டு எழுத்தர் வந்தார். குழியின் ஓரத்திலேயே பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதினார். குழி புரெய்தாவின் பிள்ளைகளுக்கு. அவர்கள் வளரும்வரை பகோவா பார்த்துக்கொள்வான். பகோவா அதற்குள் இரண்டு கிழங்கைப் பிடுங்கித் தோளில் வைத்திருந்தான்.

"கைமாறுற நிலத்துக்குப் புதுப்பேரு வைக்கலாம். என்னம்மா எழுதட்டும்?" என்றார் எழுத்தர்.

"ஒரு வாய்த் தண்ணி," என்றாள் புரெய்தா.

எழுத்தர் சிரித்தார். "அது பேரா? உங்க பேரன் பேத்தி கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கேக்கட்டும். அதுக்குத்தான். எழுதுங்க."

எழுதினார். கையெழுத்துப் போடக் கபிரி முன்னால் வந்தான். எழுத்தர் தரையில் வைத்த பேனா தங்கையின் காலடியில் கிடந்தது. அவன் குனிந்தபோது அவள் காலை நகர்த்திக்கொண்டாள், அவன் கை பட்டுவிடாதபடி. எழுத்தர் காட்டிய இடத்தில், அந்தப் புதுப்பெயருக்கு நேர் கீழே, அவன் கையெழுத்துப் போட்டான்.

கொப்பரையோடு கப்பல் புறப்பட்டபோது அவனும் அதில் இருந்தான். கரையில் ஒருவரும் இல்லை.