பாய் அளவு வெயில்

மந்தைவெளி ரயில் நிலையக் கூரையில் இருக்கும் பன்னிரண்டு சோலார் தகடுகளில் ஐந்தாவதன் மேல் மட்டும் போன ஐப்பசி முழுக்க, கொட்டும் மழையிலும், வெயில் அடித்தது. ஒரு பாய் அளவு வெயில். மழையும் மரியாதையாக ஒதுங்கிப் பெய்தது. எதிர் மாடிக்காரர்கள் இரண்டு நாள் படம் பிடித்தார்கள். மூன்றாம் நாள் அலுத்துவிட்டது.

காரணம், தகடுகளைத் துடைக்கும் சொர்ணம். இருபத்தாறு வருடம் ஆயுத பூஜைக்குப் புருஷன் பஞ்சாட்சரத்தின் ஆட்டோவுக்குப் பொட்டு வைத்த கை அது. அவன் செத்து, ஆட்டோவும் கைமாறி, ஆற்றங்கரை வீட்டை விட்டுப் பெரும்பாக்கத்தில் அரசு மாற்றிக் கொடுத்த குடியிருப்பின் எட்டாவது மாடிக்குப் போன பிறகு, பேச்சுத் துணைக்கு ஓர் ஈ காக்கை இல்லை. இந்த ஆயுத பூஜைக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஐந்தாவது தகட்டுக்குச் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்து, "இன்னாய்யா, நல்லாக்கீறியா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து வெயில் அங்கேயே தங்கிவிட்டது. தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

கார்த்திகையில் மேற்பார்வையாளர் அசோகன் கூரைக்கு ஏறி வந்தான்.

"பொட்டு வச்ச எடம் சூடாயி தகடே பூடும்கா. நாளைக்கு செக்கிங்கு. தொடச்சிடு."

"தொடச்சா அவரு பூடுவாருப்பா."

"தொடைக்கலேன்னா உன் வேலை பூடும்."

வேலை போனால் சோறு ஏது? சொர்ணம் ஈரத்துணியால் துடைத்தாள். வெயில் அந்த நிமிடமே போயிற்று, ஐந்தாவது தகடும் மற்றவற்றைப் போல நனைந்தது. அவள் நனைந்துகொண்டே அழுதாள். இரண்டாம் முறை தாலி அறுத்ததைப் போல இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அடைமழையில், வெயில் பெரும்பாக்கத்துக்கு வந்து அவள் கதவுக்கு வெளியே நடையில் விழுந்தது. அதே பாய் அளவு. மூன்று வருடமாக முகம் பார்க்காத அடுத்த வீட்டு ஜமீலுன்னிசா ஈரமான பள்ளிக்கூடச் சட்டையோடு வந்து நின்றாள். "அக்கா, இத்தக் கொஞ்சம் காய வச்சிக்கட்டா?" பிறகு மாடியே திரண்டது: போர்வை, அப்பளம், நமுத்த தீப்பெட்டி. காயும்வரை உட்கார்ந்து ஊர் வம்பு பேசினார்கள். சொர்ணம் எல்லோருக்கும் டீ போட்டாள்.

இப்போது அந்த வெயிலை அங்கே யாரும் அதிசயம் என்பதில்லை, கொடி கட்டிவிட்டார்கள். வானம் வெளுத்தால் மட்டும் அவரவர் துணி அவரவர் ஜன்னலில் காய்கிறது, ஒருவரும் வருவதில்லை. ஆற்றங்கரையில் இருந்தவரை மழை என்றாலே நடுங்கிய சொர்ணம், இப்போது தினமும் எழுந்ததும் மழைக்கு வேண்டிக்கொள்கிறாள்.